வராத ரயிலை நம்பி நடந்த கல்யாணம்

பெண் பார்க்க வந்த அன்றே என் மாமியார் சொன்னார்: “காலேஜ் வேலையை விடாதேம்மா. புனேக்கும் மும்பைக்கும் அதிவேக ரயில் வரப்போகுது. ஒரு மணி நேரம்கூட ஆகாது.” பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், ரயில் மட்டும் வரவில்லை. சர்வே எடுக்கப்போவதாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. மும்பையில் செம்பூரில் வீடு, அங்கேயே கணவருக்கு வேலை, எனக்கோ புனே கல்லூரியில் வேலை என்று பழைய ரயிலிலேயே அப்-டவுன் செய்தேன்.

ஒரு மழைக்காலத்தில், மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று கல்லூரிக்கு மாமியார் போன் செய்தார். கிடைத்த ரயிலில் ஏறினேன். லோனாவாலா தாண்டி மலைச்சரிவில் இறங்கும்போது தண்டவாளத்தில் பாறை சரிந்து ரயில் நின்றுவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. பெட்டியில் யாரும் பதறவில்லை. எதிரே இருந்தவர் சீட்டுக்கட்டை எடுத்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

வீடு சேர்ந்தபோது மாமியார் டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, மகளைத் தூங்க வைத்திருந்தார். கணவர் ஆறுதலாக, “கவலைப்படாதே, அதிவேக ரயிலுக்கு மறுபடி சர்வே பண்றாங்களாம்” என்றார்.

அடுத்த மாதமே கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். மகளும் மாமியாரும் என்னோடு வந்துவிட்டார்கள். புனேயில் வேலை பார்க்கும் என் தங்கைக்கு மும்பை வரன் வந்தபோதும், இன்று ஓடுகிற ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்த பிறகுதான் சம்பந்தம் பேசினேன்.

இப்போது அப்-டவுன் செய்வது என் கணவர். அதிவேக ரயில் செய்தி வந்தால், வாசிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்.