ஒரு பெடலும் கொழும்புத்துறைக் கள்ளரும்

யாழ்ப்பாணக் கடலோரக் கொழும்புத்துறையில் ஒரு சைக்கிள் கள்ளர் கூட்டம் இருக்கிறது, அதன் தலைவர் முற்றத்தில் இருந்து கிழிந்த மீன்வலை பொத்துகிற ஒரு கிழவர், கையாள் அவருடைய மகள் என்று பன்னிரண்டு வயதில் நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தாலாவது மானம் மிஞ்சியிருக்கும்.

அது போரும் பொருளாதாரத் தடையுமான காலம். பெற்றோல் கிடையாது. முழு யாழ்ப்பாணமும் சைக்கிளில்தான் ஓடியது. பாதிரியார் சைக்கிளில் வந்தார், கலியாண மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார், ஆஸ்பத்திரிக்கு நோயாளியும் சைக்கிளில்தான் போனார். எங்கள் ஊர் புத்தூரில் சைக்கிள் இல்லாத ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்று எனக்குப் பட்டது. ரியூசன் வகுப்புக்கு அக்காவின் லேடீஸ் சைக்கிளில், பின் கரியரில் இருந்து போனேன். "காலை அகட்டு, சில்லுக்குள்ளை போயிடும்" என்று அக்கா சந்தி சந்தியாகக் கத்திக்கொண்டு மிதிப்பாள். ரியூசன் வாசலில் என் வகுப்புப் பெடியள் வரிசையாக நிற்பார்கள்.

"பொம்பிளை வந்திட்டா, இறக்கி விடுங்கோடா!"

இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டுவதாக வாக்குக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை, கலியாணமாகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் கொழும்புத்துறையில் வலை பொத்தும் அந்தக் கிழவரிடமிருந்து ஒரு பழைய றேசிங் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். கிடாய் ஆட்டின் கொம்புபோல் கீழே வளைந்த கான்டில், ஒட்டி உலர்ந்த சீற், மெல்லிய சில்லுகள். அந்தக் கிழவரின் மகன் பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கு ஓடியதாம். அவன் வெளிநாடு போன பிறகு ஆட்டுக் கொட்டிலில் கிடந்திருக்கிறது. இரும்பெல்லாம் கறள் ஏறி, கோழி எச்சம் காய்ந்து, சைக்கிள் என்று சொன்னால்தான் தெரியும்.

"இதைத் திருத்தி முடிச்ச அண்டைக்கு என்ரை பழைய சைக்கிள் உனக்கு, மருமோன்" என்றார் மாமா.

அந்தக் கணத்திலிருந்து அந்தக் கறள் எனக்கும் பகையானது. மாமா சைக்கிளைக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டார். கறளை ஊறவைக்க மண்ணெண்ணெய் கேட்டபோது அம்மா போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள். "விளக்குக்கே இல்லை. உன்ரை சைக்கிளுக்குத் தலைமுழுக்கோ?" ஆகவே தேங்காயெண்ணெய், சாம்பல், தேங்காய்ப் பொச்சு. உரஞ்சியவன் யார்? நான்தான். நகம் கறுத்து, கை தோலுரிந்து, சோறு இரும்பாக மணக்கும்வரை உரஞ்சினேன். ஒரு பெடலின் நெளிவை நிமிர்த்தப் போய்ச் சுத்தியலால் அடித்து, அதன் மூலையை இன்னும் மோசமாக நெளித்தேன். மாமா ஏசவில்லை. அவர் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாக்குக்குள் இருக்கிற சாமான் சனிக்கிழமை காலையில் இராது. ஒரு வாரம் பிறேக் பிடி. மறுகிழமை செயின். "எங்கை துலைஞ்சுதோ தெரியேல்லை. கொழும்புத்துறை ஐயாவிட்டை அதே மாதிரி ஒண்டு கிடக்கும், எடுத்துக்கொண்டு வாறன்" என்று மாமா புறப்பட்டுவிடுவார். பின்னேரம் அதே மாதிரி ஒன்றோடு வருவார். வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு ஆணிக்கு ஒரு மாதம் அலைகிற காலம் அது. ஒருவன் சாமான் தேடிப் போகிறான் என்றால் ஏன், எங்கே என்று கேட்பவர் கிடையாது.

அம்மா மட்டும் ஒருமுறை, "இதென்ன சீதனமே, துண்டு துண்டாய்த் தாறதுக்கு?" என்றாள். மாமாவுக்குப் புரையேறியது.

எனக்கோ வயிறு எரிந்தது. சாமான் காணாமல்போகும் ஒவ்வொரு கிழமையும் நான் அக்காவின் கரியரில் இருக்கும் இன்னொரு கிழமை. கடைசியில் பெடல் ஒன்றுதான் பூட்டப் பாக்கி. வெள்ளி பின்னேரம் நானே துடைத்துச் சாக்கில் போட்டேன். சனி விடியச் சாக்கைக் கொட்டிப் பார்த்தால் அது இல்லை! என் மூளையில் மின்னல் வெட்டியது. கொழும்புத்துறைக்காரர் விற்ற சாமானை இரவில் வந்து களவெடுத்துத் திரும்ப எங்களுக்கே விற்கிறார்கள். என்ன துணிவு! நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாமா நூறு சாட்டுச் சொன்னார். அம்மா, "கூட்டிக்கொண்டு போவன், பெடியன் எவ்வளவு உரஞ்சினவன்" என்றாள். அவர் முகம் தொங்கிப்போனது. மினுக்கிய சேட்டும் பவுடரும் போட்டிருந்தார். ஒரு பெடல் எடுக்கப் போகிறவருக்குப் பவுடர் எதற்கு என்று அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கிழவர் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், அதன் கீழே தையல் மெசினில் மகள். நாங்கள் படம் வைக்காத மிஷன் சபைக்காரர், அவர்கள் மாதா கோயில்காரர். படத்தைக் கண்டதும் என் சந்தேகம் இன்னும் முற்றியது. மாமா கால் கழுவவென்று கிணற்றடிப் பக்கம் போய்வந்தார். கொஞ்சம் பொறுத்து மகள் எழுந்து ஆட்டுக் கொட்டிலுக்குள் போய், கையில் ஒரு பெடலோடு வந்தாள்.

"இந்தாங்கோ, இண்டைக்கும் ஒண்டு கிடைச்சிட்டுது."

கிழவர் வியந்துபோனார். "என்ரை கொட்டிலுக்கை சைக்கிள் விளையுது போலை கிடக்கு."

நான் பெடலைப் பார்த்தேன். என் சுத்தியல் நெளித்த அதே மூலை.

"இது எங்கடை பெடல்!" என்று கத்தினேன். "நான்தான் அடிச்சு நெளிச்சனான்! ராத்திரிச் சாக்குக்கை இருந்தது! கள்ளர்!"

மகள் தாவணித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா படத்தைப் பார்த்தார், ஜெபிக்கிறவர் மாதிரி. கிழவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் வித்த சைக்கிளிலை ரெண்டு பெடலும் இருந்ததெண்டு எனக்கும் ஒரு சமுசயம்தான், தம்பி" என்றார் மாமாவைப் பார்த்து, மெதுவாக.

"பாத்தியளே மாமா, ஒப்புக்கொள்ளுறார்! வாங்கோ, ஊர் விதானையாரிட்டைச் சொல்லுவம்!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில், மாமாவையும் மடக்கிவிட்டார்கள், அடுத்தது என்னைத்தான் கட்டிப்போட்டு ஆட்டுக் கொட்டிலில் அடைப்பார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பெடலைப் பறித்துக்கொண்டு ஓடினேன். புத்தூர்ப் பக்கமாக ஓடினாலும் ஒரு நியாயம். மகாவீரன் ஓடியது கடலை நோக்கி. முழங்கால் வரை சேற்றில் புதைந்து, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, பெடலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கிட்ட வந்தால் எறிவன்!" என்று கத்தினேன். கிட்ட வந்தவை இரண்டு கொக்குகள்.

கனநேரம் கழித்து மாமா வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். என்னைச் சேற்றோடு தூக்கிக் கட்டிப்பிடித்தார். மினுக்கிய சேட்டு நாசமானது. அதைக் கவனிக்கவே இல்லை.

"மருமோன், பழைய சைக்கிள் நாளைக்கே உனக்கு. ஆனால் நான் சொல்லுமட்டும் அம்மாவுக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது."

கள்ளரிடம் ஏமாந்தவர், வெட்கப்படுகிறார் என்று விளங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ரியூசனுக்கு என் சொந்தச் சைக்கிளில், நடுப் பாருக்குக் கீழே காலை விட்டுக் கோணல்மாணலாக மிதித்துப் போய் இறங்கினேன். களவுபோன பெடலை ஒரு கூட்டத்தோடு சண்டை பிடித்து மீட்ட கதையைப் பெடியளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கூட்டம் பெருத்தது.

பெடலைச் சாக்கிலிருந்து எடுத்து, காற்சட்டைப் பைக்குள் போட்டு, அந்த வெயிலில் கொழும்புத்துறை வரை சுமந்துபோய், கொட்டிலில் ஒளித்து வைத்தவர் மாமாதான். மற்றச் சாமான்களும் அப்படித்தான். இதை எனக்குச் சொன்னது மாமி. நான் ஓடிய பிறகு கிழவர், "அப்ப உண்மையிலை என்னத்துக்குத் தம்பி இஞ்சை வாறனீர்?" என்று கேட்டாராம். மாமாவுக்கு வேறு சாட்டு ஒன்றும் மிச்சமில்லை. நான் சேற்றுக்குள் கொக்குகளோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், உள்ளே மாமாவுக்கும் மாமிக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது.