விளக்கை மூடிய தோல்துண்டு

இந்த ஊர்க் கார்களின் மூக்கிலிருந்து ஒரு மின்கம்பி தொங்கும். ஆம்பூரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ராத்திரி அதை வீட்டுச் சுவரில் செருகி எஞ்சினுக்குச் சூடு காட்டுகிறார்கள். காலையில் பிடுங்கிவிட்டு, வண்டியை ஓடவிட்டு, இருபது நிமிடம் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு கிளென் இந்தப் பூசையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துவிட்டால் மனிதர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவார். ஆறடி உயரம், கடுகளவு விளக்குக்கு இத்தனை பயம்! வின்னிபெக் வந்த முதல் குளிர்காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி எஸ்தரிடம் சிரித்தேன்.

எஸ்தர் என் மனைவி. வேலூரில் பத்து வருடம் நர்ஸாக இருந்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் தட்டு கழுவினாள். மறுபடி நர்ஸாக ஒரு பரீட்சை எழுதவேண்டும். இரண்டு வருடம் அதற்காகவே படித்தாள்.

அடுத்த குளிரில் என் காரிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் குளிரில் விறைத்துவிட்டது, அவ்வளவுதான் என்றான். மூடிக்கெல்லாம் ஒரு விளக்கா? தூ! மூடியை மாற்றினேன். குளிர் ஏறியதும் அந்த மூதேவி மறுபடி எரிந்தது.

தொண்ணூறுகளில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர். மாதனூரிலிருந்து எங்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸில் ஒரு சிவப்பு விளக்கு எந்நேரமும் எரியும். டிரைவர் நசீர் பாய், கட்டிங்கில் விழுந்த தோல்துண்டு ஒன்றில் சொல்யூஷன் தடவி அதன்மேல் ஒட்டிவிட்டார். "பாத்தாதான் சார் பேஜாரு. மூடிட்டா வண்டி தானா ஓடும்" என்பார். ஓடத்தான் செய்தது. எப்போதாவது நின்றால் டிபன் பாக்ஸை சீட்டில் வைத்துவிட்டு ஐம்பது பேர் இறங்கித் தள்ளுவோம். இதுவல்லவா வைத்தியம் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பிள் தோலில் கட்டைவிரல் அளவு வெட்டி நானும் ஒட்டினேன். கிளென் ஒருமுறை எட்டிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

பரீட்சையன்று காலை மைனஸ் முப்பது.

"ஏங்க, ஸ்டியரிங்க இன்னா இவ்ளோ கஷ்டப்பட்டு திருப்புறீங்க?"

"குளிரு ஜாஸ்தி, அதான். நீ புக்கப் பாரு."

கொஞ்ச நேரத்தில் ஹெட்லைட் மங்கியது, ஹீட்டர் அடங்கியது, வண்டி நின்றது. இரண்டு பக்கமும் வெறும் பனி. "எட்டரைக்கு கதவ மூடிடுவாங்க" என்றாள் எஸ்தர்.  நான் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தேன்.

இருபது நிமிடப் பூசையை முடித்துவிட்டு வேலைக்குப் போகும் வழியில் கிளென் தன் பிக்கப் வண்டியில் பின்னால் வந்து நின்றார். விளக்கு எதுவும் எரியவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் பார்த்தவரை அது பொய்யில்லை. பானெட்டைத் திறந்தார், ஸ்டியரிங்கை லேசாக்கி, பேட்டரிக்கும் சார்ஜ் கொடுக்கும் பெல்ட் விறைத்து அறுந்து கிடந்தது. இதற்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டே என்று உள்ளே குனிந்தவர், தோல்துண்டின் அருகில் விரலை நிறுத்தினார்.

"இதை எடுக்கலாமா? உங்கள் சாமி விஷயம் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் கேட்கவில்லை."

சாமியாம்! ஞாயிறுதோறும் எங்களைச் சர்ச்சில் பார்க்கிற ஆள்! ஆனால் சிரிக்க வாய் வரவில்லை. நானே பிய்த்தேன். மஞ்சள் விளக்கின் இடத்தை ஒட்டி பேட்டரி படம் போட்ட இன்னொன்று இருந்தது. இரண்டையும் சேர்த்து மூடியிருந்தேன்.

பிக்கப் நிறைய சாமான், ஒருவர்தான் உட்காரலாம். எஸ்தர் ஏறிக்கொண்டாள். "தள்றதுக்கு இங்க யாருங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். வண்டி போய்விட்டது. நான் காரின் பின்னால் போய்க் கைவைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஷூ வழுக்கியதே தவிர வண்டி நகரவில்லை. கிளெனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பையெல்லாம் எண்ணிக் கூசிப்போனேன். முட்டாள் யார் என்று கேட்கவும் அங்கே ஆளில்லை.

கதவு மூட மூன்று நிமிடம் இருக்கும்போது உள்ளே போனாளாம். பாஸ் செய்துவிட்டாள். இப்போது நர்ஸ், தனிக் கார். காலையில் அவளும் கம்பியைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேலியின் அந்தப் பக்கம் கிளென். புகைக்கு நடுவில் இருவரும் கையாட்டிக்கொள்கிறார்கள். நான் ஜன்னலருகே நின்று, பைத்தியங்கள் என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். கோட்டுப் பையில் அந்தத் தோல்துண்டு இன்னும் இருக்கிறது. கட்டைவிரல் அதையே தடவுகிறது. பிறகு நானும் கீழே இறங்கிப்போய் என் காரின் கம்பியைப் பிடுங்குகிறேன்.