பெரகல சந்தியில் ஜப்பான் தேத்தண்ணி

பதுளை பஸ் பெரகல சந்தியில் பத்து நிமிடம் நிற்கும் என்கிறார் கண்டக்டர். இறங்கி எதிரே உள்ள தேநீர்க் கடைக்குள் நுழைகிறேன். கடையை நடத்தும் மேரி, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பியவர்.

"பால் போடாத பிளேன்டியா, ஜப்பான் தேத்தண்ணியாங்க?"

"ஜப்பான்."

"அப்ப செருப்பக் கழட்டிட்டு பாயில உக்காருங்க. அவசரப்படக் கூடாது. வர்றவங்க எல்லாம் பாதியில எந்திரிச்சிப் போயிடுறாங்க."

கிண்ணத்தில் பச்சைத் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சின்ன மூங்கில் மத்தால் நுரை வர அடிக்கிறார். கிண்ணத்தை இரண்டு முறை மெல்லத் திருப்பி, தலை குனிந்து நீட்டுகிறார். இலையின் கசப்பு நாக்கில் நிதானமாக இறங்குகிறது. காலையிலிருந்து ஓயாமல் மணி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது பார்க்கத் தோன்றவில்லை.

வாசலில் கண்டக்டர். "பஸ்ஸ எடுக்கப் போறோம், வாங்க."

மேரி அவருக்கும் பாயைக் காட்டுகிறார். தயங்கியபடியே உட்கார்ந்தவர், கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் உதட்டில் வைக்கிறார். வெளியே ஹோர்ன் அலறுகிறது.

"இருங்கண்ணே, இன்னும் குடிச்சி முடிக்கல" என்று கண்டக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டிரைவருக்குக் குரல் கொடுக்கிறார்.

இன்ஜின் சத்தம் நிற்கிறது. டிரைவர் இறங்கி ரோட்டைக் கடந்து வருகிறார். மேரி மூன்றாவது கிண்ணத்தை எடுத்துத் துடைக்கிறார்.