கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் ஒரு பைலட் உண்டு. இதைச் சொல்ல நான் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும் பைலட், ரயில் ஓட்டுகிறவரும் பைலட் என்றால், நிஜமாகவே ஆகாயத்தில் ஒன்றைப் பறக்கவிட்ட என் மாமாவை அப்படிச் சொல்வதில் என்ன தப்பு? அவர் அம்மாவின் தம்பி. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று வேலையை விட்டுவிட்டு ஒரு ஹெலிகேமோடு வீட்டுக்கு வந்தார். நான்கு விசிறி வைத்த அந்தச் சின்ன இயந்திரத்தைக் கல்யாண வீடுகளில் பறக்கவிட்டு, மேலிருந்து படம் எடுப்பதுதான் புதுத் தொழில் என்றார்.

படம் எடுப்பதோடு நின்றிருந்தால் அவர் என் மாமாவே இல்லை. கோபுரத்துக் கலசத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் சுற்றுவார். மாதா கோயில் மணிக்கூண்டில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுப்பார். மூடிக் கிடந்த ஆலையின் புகைபோக்கிக்குள் அதை இறக்கி ஏற்றியபோது வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது. அப்போதெல்லாம் அனுமதி வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு அதே காரியத்தைச் செய்தால் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும்.

அம்மாவுக்கு இந்தச் சாகசங்களில் துளியும் பெருமை இல்லை. கிரேனை விட்ட நாளிலிருந்து தம்பிக்கு வந்த வரன்கள் எல்லாம் நழுவிக்கொண்டே இருந்தன. பழவேற்காட்டு வரன் வந்தபோது தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இதுவும் கைநழுவினால் ஹெலிகேமை விற்றுவிட்டு மறுபடியும் கிரேனில் ஏற வேண்டும். மாமாவும் ஒப்புக்கொண்டார். தோற்போம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததே கிடையாது.

பெண் வீடு பாலம் தாண்டி, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அம்மா, மாமா, கல்யாணத் தரகர், நான்காம் வகுப்பு படித்த நான், எல்லோரும் போனோம். மாமா ஹெலிகேம் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பஜ்ஜி வந்தது, பெண் வந்து கும்பிட்டார், எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். அவர் மாமாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார்.

“பிளேன் ஓட்டுறீங்களே தம்பி, அது எந்தக் கம்பெனி?”

அம்மா தரகரைப் பார்த்தார். தரகர் பஜ்ஜியைப் பார்த்தார். மாப்பிள்ளை பைலட் என்று மட்டும் சொல்லியிருக்கிறார் மனிதர். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, இவரும் விளக்கவில்லை. பழவேற்காட்டு வீட்டில் அந்த ஒரு சொல் மீனம்பாக்கம் விமான நிலையம் வரை போய்விட்டது.

மாமா கொஞ்சமும் அசரவில்லை. பையைத் திறந்து ஹெலிகேமைப் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்ணின் அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.

“உங்க ஊரு லைட் ஹவுசைச் சுத்திக்கினு வந்து உங்க மாடியிலயே இறக்கறேன். அதைப் பாத்துட்டு அப்பால சொல்லி அனுப்புங்க,” என்றார் மாமா.

எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். கடல் காற்று பலமாக அடித்தது. ஹெலிகேம் கிளம்பி நேராகக் கலங்கரை விளக்கக் கோபுரத்துக்குப் போய் அகலமாக ஒரு சுற்று, அதைவிடக் குறுகலாக ஒரு சுற்று சுற்றியது. அடுத்த சுற்றில் உச்சி விளக்கின் கம்பித் தடுப்பை உரசுவதுபோல் போனது. தெருவில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பிறகு அது கோபுரத்துக்குப் பின்னால் மறைந்தது. மறைந்ததுதான், வெளியே வரவில்லை.

மாமாவின் கையில் இருந்த திரை கறுத்துப்போனது. அவர் முகம் மாறவே இல்லை. கட்டைவிரல்கள் மேலே ஏற்றும் விசையைத் தள்ளிக்கொண்டே இருந்தன, கண் வானத்தை விட்டு இறங்கவில்லை. சிக்னல் அறுந்தால் அந்த இயந்திரம் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பிவிடும் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். மாமாவுக்கு அன்றே தெரியும். அது நேர்கோட்டில்தான் திரும்பும், அந்தக் கோட்டில் கலங்கரை விளக்கம் நிற்கிறது என்பதும் தெரியும்.

நானும் பெண்ணும் மாமாவின் தோளை ஒட்டி நின்றோம். பெண் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்த அவர் அப்பா அங்கிருந்தே கேட்டார்.

“இன்னாம்மா, ஸ்கிரீன்ல எல்லாம் தெரியுதா?”

“தெரியுது நைனா. நல்லா தெரியுது.”

அதற்குள் கோபுரத்தின் உச்சிக்கும் மேலே ஒரு புள்ளி எழுந்தது. காற்றில் ஆடிக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் வந்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கியது. தெருவில் விசில் பறந்தது. பெண்ணின் அப்பா அதைத் தூக்கிக் கவிழ்த்து, விசிறி ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்தார். நம்ம படகு இன்ஜினுக்கு இவ்வளவு புத்தி இல்லை என்று சொல்லிவிட்டு, அம்மாவை நாள் பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டும் பைலட் என்று அன்றிலிருந்து மாமாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆனால் பேருந்தில் திரும்பும்போது எனக்கு ஒரு கவலை அரித்தது. பெண்ணுக்குப் பார்வைக் கோளாறு இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். திரை கறுப்பாக இருந்ததையும், அவர் நன்றாகத் தெரிகிறது என்றதையும் விவரித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன் சீட்டில் இருந்த மாமா சட்டென்று திரும்பினார். வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் அன்றைக்கு எதுவும் விழவில்லை போலிருக்கிறது.

“இன்னா சொன்னாங்க? இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் சரியில்லாத பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறோமே என்று வருத்தப்படுகிறார் என நினைத்தேன். பாவமாக இருந்தது. அவர் தோளைத் தொட்டு, கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் மாமா என்றேன்.