கேட்டுக்கு அடியில் மூன்று விரல்

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இரும்பிடம்தான். காளவாசலில் வெல்டிங் பட்டறை போட்டு நாற்பது வருடம் நடத்தினேன். அந்தப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் செய்த கேட் ஒன்று நிற்கும். ஒன்றும் தொங்கிப்போனதில்லை, ஒன்றும் தரையில் உரசியதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இன்ஜினியர்கள் வரைந்துகொண்டு வந்த படத்தையே திருத்திக் கொடுத்தவன் நான்.

பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, பரவைக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் வீடு கட்டி நானும் என் மனைவியும் குடிவந்தோம். வந்ததும் அவள் கோழி வளர்க்க வேண்டும் என்றாள். டவுனில் இருந்தவரை அவள் கேட்டு நான் முடியாது என்று சொன்ன ஒரே ஆசை அது. பேரையூரிலிருந்து அவள் தம்பி எட்டு நாட்டுப் பெட்டைகளையும் ஒரு சேவலையும் கொண்டுவந்து இறக்கினான். அதற்கு முன்பே கூண்டு தயார். பகலில் உள்ளேயே நடமாடும்படி பத்தடிக்கு இருபதடி. நாலு பக்கமும் மேலேயும் விரல் நுழையாத கம்பி வலை, சுற்றிலும் அடியில் கான்கிரீட், முன்னால் ஆள் குனியாமல் போகிற மாதிரி கேட்.

"ஜெயிலு மாதிரி இருக்கு மச்சான்" என்றான்.

"உள்ள ஒண்ணும் வராது மாப்ள. வந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்."

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு இரண்டு பெட்டைகள் செத்துக் கிடந்தன. கழுத்தில் மட்டும் கடி. எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்துத் தோட்டக்காரரின் நாய் எந்நேரமும் எங்கள் வேலியோரம்தான் சுற்றும். தீனி வைக்கக் கேட்டைத் திறந்த நேரத்தில் அதுதான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். நேராகப் போய்ச் சத்தம் போட்டேன். மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே பேசினார்.

"அண்ணே, நாய் கவ்வுனா தூக்கிட்டுல்ல போயிருக்கும். கழுத்தைக் கடிச்சுப் போட்டுட்டுப் போறது கீரி."

"என் கூண்டுக்குள்ள கீரியா? எறும்பு வந்தாக்கூட எங்கிட்டக் கேட்டுட்டுத்தேன்யா வரணும்."

"அப்ப எறும்பைக் கூப்பிட்டு விசாரிங்க."

நாயைக் கட்டிப்போடாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றேன். கட்டிப்போட்டார். அடுத்த மூன்று நாளில் இன்னும் மூன்று பெட்டைகள் போயின. கயிற்றில் கிடந்தபடி அந்த நாய் விடாமல் குரைத்தது. அது எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கிறது என்று நான் பார்க்கவில்லை. குரைப்பதற்கும் சேர்த்துத்தான் திட்டினேன்.

என் மனைவி அழவில்லை. மிச்சமிருந்த மூன்று பெட்டைகளையும் சேவலையும் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து மூடினாள்.

"எந்தம்பி நாளைக்குச் சாயங்காலம் வாரேன்னுருக்கான். இதுகளக் குடுத்து விட்டுர்றேன். சாகக் குடுக்கவா இம்புட்டு நாளு ஆசப்பட்டேன்?"

"ஒரு நாளு பொறு" என்று கத்தினேன். ஐம்பது வருடத்தில் அவள் கேட்டு வாங்கிய ஒன்று, என் கூண்டிலிருந்து திரும்பிப் போவதா?

மறுநாள் காலை சேவலை மட்டும் எடுத்துக் கூண்டில் விட்டேன்.

"அதுவும் போச்சுன்னா விடியக்காலைல நீங்கதேன் கூவணும்" என்றாள்.

கையில் ஒரு கட்டையோடு மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பத்து மணி வெயிலில் அது வந்தது. கீரிதான். வலையோரம் மோந்துகொண்டே ஒரு சுற்றுச் சுற்றியது. கேட்டுக்கு வந்ததும் உடம்பைத் தட்டையாக்கி, கதவிடுக்கில் தள்ளிவிட்ட கடிதம் மாதிரி உள்ளே போய்விட்டது.

எந்தக் கேட் செய்தாலும் அடியில் மூன்று விரல் இடம் விடுவேன். மழைக்கு மண் ஏறும், கல் கிடக்கும், உரசக் கூடாது. அளவெடுக்க டேப்பே வேண்டாம். கை தானாக விட்டுவிடும். உள்ளே நிற்கப் போவது காரா கோழியா என்று கைக்கு என்ன தெரியும்? தலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பெட்டைகளையும் கொன்றது என் தொழில் சுத்தம்.

கத்திக்கொண்டே ஓடிக் கட்டையை வீசினேன். கீரி வந்த வழியே போனது. சேவலுக்கு வாலில் நாலு இறகோடு போயிற்று. அந்த வெயிலிலேயே கேட்டைக் கழற்றி, அடியில் தகடு வைத்துப் பற்றவைத்து, அதற்குக் கீழே சிமென்ட் படியும் பூசினேன். தோட்டக்காரரிடம் போய் நாயை அவிழ்த்துவிடச் சொன்னேன்.

"ஏண்ணே, எறும்பு ஒத்துக்கிருச்சா?"

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்குப் பதிலாக நானே குனிந்து நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். என் மீசையைப் பார்த்தான். என் மனைவி குனிந்து புதுத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பஞ்சாரத்தைத் தூக்கி, பெட்டைகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் விட்டாள். பிறகு கேட்டில் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே திறக்கிறதும் அடைக்கிறதும் நாந்தேன். நீங்க வெளிய நின்னு பாருங்க."

வெளியே நின்றுதான் பார்க்கிறேன். என் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் கோழிகள் நாலும் இருக்கின்றன.