மருந்து அறை வாசலில் விண்கல்

பிள்ளைகளே, வெடி ஆர்டர் கொடுக்க வந்த நான், தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வாசலில் நிற்கிறேன். கேட்டில் தீப்பெட்டியையும் செருப்பையும் கொடுத்தவன், பையைக் காட்ட மறந்துவிட்டேன். உங்களுக்குக் காட்ட நண்பர் தந்த விண்கல் அதில் இருக்கிறது. முழுக்க இரும்பு, பல்லாயிரம் ஆண்டு மழையும் மண்ணும் அரித்து நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது.

“பையில என்ன, கனமாத் தொங்குது?” என்கிறார் மருந்து கலக்கும் அக்கா.

“இரும்புக்கா. வானத்துல இருந்து விழுந்தது. பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுபோறேன்.”

“அசையாதீக. அது இங்கன விழுந்து ஒரு பொறி வந்தா அம்புட்டுப் பேரும் போயிருவோம்.”

ஈரச் சாக்கை விரிக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லை அதில் இறக்குகிறேன். சாக்கோடு சுருட்டி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறார்.

“வானத்து இரும்பத் தூக்குனது தாயில்பட்டிக்காரின்னு பிள்ளைககிட்டச் சொல்லுங்க” என்று சிரிக்கிறார்.