றீற்றா கடலில் இறங்குகிறாள்

மூன்று பக்கமும் மலை அணைத்து நிற்பதால் இந்தக் கிரேக்கத் தீவுக் கடற்கரையில் அலையே இல்லை. தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்ததுபோல் கிடக்கிறது. இப்படி ஒரு இடத்தைத் தேடிப் பிடித்தவன் நான்தான். என் மனைவி றீற்றாவுக்குக் கடல் பயம். அவளை ஒருமுறையாவது கடலில் இறக்கவேண்டும் என்றே மொன்ட்ரியாலிலிருந்து கூட்டிவந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி, பணக்காரர் குடியிருக்கும் கர்க்லாண்டில் வீடு வாங்கியவனுக்கு இதுவும் ஒரு காரியமா?

“என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாரும். மன்னார்க் கடலையே நீந்தினவன் நான்.”

“உங்கட வாய்தான் நீந்தும்,” என்றுவிட்டு அவள் கரையிலேயே நிற்கிறாள்.

கழுத்தளவு தண்ணீரில் தொப்பியோடு நின்று ஊர்க்கதை பேசும் கிரேக்கக் கிழவிகளில் ஒருத்தி எங்களிடம் வருகிறாள். முன்பு மொன்ட்ரியாலில் உடுப்புத் தைத்தவளாம். என்னுடையதைப் போலவே உடைந்த பிரெஞ்சில், “பயமோ?” என்று றீற்றாவைக் கேட்கிறாள்.

“பயமில்லை. நீச்சலுடுப்புப் போட வெக்கம். சட்டையோட இறங்கினால் சிரிப்பினம்.”

இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத கதை இது.

“ஆர் சிரிக்கிறது? அங்க நிக்கிற ஒருத்திக்கும் கண்ணாடி இல்லாமல் கண் தெரியாது!” என்கிறாள் கிழவி.

றீற்றா வாய்விட்டுச் சிரிக்கிறாள். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். பூப்போட்ட சட்டை குடைபோல் விரிந்து மிதக்கிறது.

நானும் பாய்ந்து இறங்குகிறேன்.

“அங்கேயே நில்லுங்கோ,” என்கிறாள் றீற்றா. “தண்ணியைக் கலக்காதேங்கோ.”

கணுக்கால் தண்ணீரில் நிற்கிறேன்.